அடியோர் அகம்: இரட்டைமலை சீனிவாசனார் தன்வரலாறு குறித்த ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

ஏவல் செய்து வாழ்வோரைப் பற்றித் தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு நூற்பா யாத்துள்ளார். அடியோரும் வினைவலரும் காதலொழுக்கத்திற்கு உரியராய்ச் செய்யுளில் வரலாம். ஆயின் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிற்கும் கைக்கிளை, பெருந்திணைகளிலேயே அவர்க்கு இடமுண்டு என்பது உரையாசிரியர் கொண்ட பொருள். இதற்கு இளம்பூரணர் கூறும் காரணம் நுணுகி நோக்கத்தக்கது. அறத்தினும் பொருளினும் இன்பத்தினும் வழுவாது ஒழுகுதல் பிறர்க்குக் குற்றேவல் செய்வார்க்கு அரிது என்பார் அவர். தம் பொழுது தமக்கு உரித்தல்லாதார்க்குத் தமக்கென ஓர் அகவாழ்வு அமைதல் இல்லை என்பது இதனாற் போதரும்.

இந்நூற்பா காதற்செய்யுள் ஒன்றற்கே உரியதாயினும், இதன் அடிப்படை தன்வரலாறு என்னும் இலக்கிய வகைக்கும் பொருந்துவதாம். தன் வாழ்வைத் தானே எழுதுவோன் அவ்வாழ்வு தன்னுடையது என்னும் துணிபுடையனாதல் வேண்டும். அத்துணிபே மறுக்கப்பட்ட ஒருவன் எழுதுகோல் எடுப்பானாயின், அவன் எழுத்து இலக்கணத்தார் இட்ட வரம்பினைக் கடந்து அகத்துள் புகும் முயற்சியாகிவிடும். அடிமைத்தளை நீங்கியோர் எழுதிய தன்வரலாறுகளின் சிறப்பு இதுவே. தமிழில் இவ்வகைக்கு மிக அணுக்கமாய் நிற்கும் நூல் இரட்டைமலை சீனிவாசனார் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ ஆகும். அதன் இலக்கியத் தகுதியை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அடிமை என்னும் சொல்

தமிழில் ‘அடிமை’ என்னும் சொல் இருவேறு வாழ்வு வாழ்ந்துள்ளது. பத்தி இலக்கியத்தில் அஃது உயர்ந்தோர் விரும்பி ஏற்கும் நிலையைக் குறிக்கும். அடியார், ஆட்கொள்ளல், தொண்டு என்னும் சொற்கள் அதன் சுற்றமாய் நிற்கின்றன. கல்வெட்டிலும் ஓலை ஆவணத்திலும் அதே சொல் விலைக்கு விற்கப்படும் மக்களைக் குறிக்கும். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டளவில், பஞ்சம் தாங்கமாட்டாது வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்ட செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. விற்றவர் நெஞ்சம் யாதாயிற்று என்பதை அக்கல் கூறவில்லை. கூறுதல் அதன் தொழிலும் அன்று.

இவ்விரு வழக்கும் ஒருங்கே சந்திக்கும் இடம் பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம். மணப்பந்தரிற் புகுந்த முதியவர் சுந்தரரைத் தம் வழியடிமை என்று வழக்கிடுகின்றார். பாட்டனார் எழுதித் தந்த ஆளோலை தம்மிடம் உளது என்கின்றார். அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ எனச் சுந்தரர் நகைத்து வினவுகின்றார். ஓலையைப் பற்றிக் கிழித்தும் விடுகின்றார். எனினும் மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பெற்று, பாட்டனார் கைச்சாத்து ஒத்திருக்கக் கண்ட அவையோர் முதியவர் பக்கமே தீர்ப்புரைக்கின்றனர்.

சேக்கிழார் கருதிய பொருள் இறைவனின் அருட்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் அப்பொருளை அமைத்துக் காட்டற்குக் கொண்ட உலகியற் கருவிகள் வேறொரு செய்தியையும் நமக்கு அறிவுறுத்துகின்றன. பாட்டன் இட்ட ஒரு கைச்சாத்து பேரனைக் கட்டும் என்பதை அவ்வவை ஐயுறவில்லை. சுந்தரர் வினாவும் அடிமை முறையையே மறுக்கும் வினாவாக அமையவில்லை. அம்முறை தம் மரபினர்க்கு இல்லை என்பதே அவர் கூற்று. அம்மரபிற் பிறவாதார்க்கு அது வழக்கமே என்பது அவ்வினாவுள் அடங்கிக் கிடக்கின்றது. ஓலையைக் கிழித்த பின்னர் அவ்வோலைக்குக் கட்டுப்படாது வாழ்ந்த ஒருவரின் வரலாறு நம் பழைய இலக்கியத்தில் இல்லை.

3. பிறர் நூலுள் உறையும் குரல்

அடிமைப்பட்டோர் நம் இலக்கியத்தில் இடம்பெறாமல் இல்லை. ஆயின் அவர் பிறர் நூலுள் இடம்பெறுகின்றனர். கோபாலகிருட்டிண பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இதற்குத் தக்க சான்று. பெரியபுராணத்தில் இல்லாத பண்ணை வேதியரைப் பாரதியார் படைத்தார். தில்லை செல்ல விடைகேட்டு நிற்கும் நந்தனாரும், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துச் செல்க எனப் பணிக்கும் வேதியரும் அக்காலத் தஞ்சைப் பண்ணையின் உண்மை உருவங்கள். எனினும் நந்தனார் விடுதலை தில்லைத் தீயில் நிகழ்கின்றது. தீயினுள் புக்கவர் மீண்டுவந்து தம் கதையைக் கூறுதல் இல்லை.

காந்தியடிகளின் தன்வரலாற்றிலும் இத்தகைய ஒருவரைக் காண்கின்றோம். நேத்தாலில் ஒப்பந்தக் கூலியாயிருந்த பாலசுந்தரம் என்னும் தமிழர், முதலாளியால் அடியுண்டு பல்லுடைந்து, தலைப்பாகையைக் கையிலேந்தி அடிகள்முன் வந்து நின்றார். உலகம் படித்த ஒரு நூலில் அவர்க்கு அழியா இடம் கிடைத்தது. ஆயின் அவர் சொற்கள் அடிகளின் சொற்களாகவே நமக்கு வந்து சேர்ந்தன. ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பிலும் புதுச்சேரியில் மக்களைக் கவர்ந்து அடிமைகளாய்க் கப்பலேற்றிய செய்தி காணப்படுகின்றது. அங்கும் எழுதுவோர் ஒருவர், எழுதப்படுவோர் வேறொருவர். கல்வெட்டு, ஆவணம், கீர்த்தனை, நாட்குறிப்பு, பிறர் தன்வரலாறு ஆகிய இவையெல்லாம் அடியோரைப் படர்க்கையிலேயே வைத்துப் பேசின. தன்மையிற் பேசும் நூல் ஒன்று தோன்றுதற்கு நெடுங்காலம் சென்றது.

4. டக்ளசு வரைந்த வரலாறு

இத்தன்மைக் குரல் எத்தகையது என்பதை அறிதற்கு அமெரிக்க நாட்டுப் பிரெடரிக் டக்ளசின் நூலை அளவுகோலாகக் கொள்ளலாம். அவர் மேரிலாந்து மாநிலத்தில் 1818ஆம் ஆண்டளவில் அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தவர். தாம் பிறந்த நாளை அறியாமையைக் கூறியே தம் வரலாற்றைத் தொடங்குகின்றார். பகலெல்லாம் வயலில் உழைத்து, இரவில் நெடுவழி நடந்துவந்து தம்மருகே படுத்திருந்து விடியுமுன் எழுந்து செல்லும் தாயை அவர் நினைவுகூரும் பகுதி மிகச் சுருங்கியது. அச்சுருக்கமே அதன் ஆற்றல்.

பால்திமோர் நகரில் தலைவி அவர்க்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினாள். எழுத்து அடிமையைக் கெடுக்கும் என்று தலைவன் அதனைத் தடுத்தான். அத்தடையே எழுத்தின் பெருமையை அச்சிறுவர்க்கு உணர்த்திற்று. தெருவில் விளையாடும் வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டித் துண்டு கொடுத்து அவர் எழுத்துக் கற்றார். 1836இல் தோழரோடு தப்பிச் செல்லக் கருதியபோது, தலைவன் எழுதித் தந்தது போன்ற இசைவுச் சீட்டுகளைத் தாமே எழுதினார். அம்முயற்சி வெளிப்பட்டுச் சிறை நேர்ந்தது. 1838 செப்டம்பர் 3ஆம் நாள் மாலுமி உடையில், பிறரொருவர்க்குரிய சான்றுத்தாள் கொண்டு, புகைவண்டி ஏறி வடபுலம் சேர்ந்தார். பெய்லி என்னும் குடிப்பெயரை நீக்கி டக்ளசு என்னும் புதுப்பெயர் பூண்டார். 1845இல் தம் வரலாற்றை வெளியிட்டார்.

இந்நூலின் அமைப்பில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தம்மை ஆண்டோர் பெயர், ஊர், செயல் ஆகியவற்றை ஒளிவின்றி எழுதிய டக்ளசு, தாம் தப்பிய வழியை மட்டும் எழுதவில்லை. அவ்வழி வெளிப்படின் பின்வருவோர்க்கு அது அடைபடும் என்பது அவர் கருத்து. அடிமை முறை ஒழிந்த பின்னர், 1881இல் வெளிவந்த மூன்றாம் தன்வரலாற்றிலேயே அதனை முழுதும் உரைத்தார். எனவே எதனைக் கூறுவது, எதனை மறைப்பது என்னும் தெரிவு இத்தகைய நூல்களில் அணியிலக்கணம் பற்றியதன்று. உயிரும் உரிமையும் பற்றியது.

5. சீனிவாசனார் வாழ்வும் காலமும்

இனித் தமிழ் நூலுக்கு வருவோம். சீனிவாசனார் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் ஊரில் 1860ஆம் ஆண்டளவிற் பிறந்தார். அவ்வாண்டு நம் ஆராய்ச்சிக்குப் பல்லாற்றானும் பொருளுடையது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமையென உரிமை கொண்டாடும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்றலாகாது என விதித்தது. ஆயின் அடிமை கொள்ளுதலைக் குற்றமாக்கியது 1860இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமே. அதே 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் நேத்தாலை அடைந்தது. ஒரு தளை சட்டத்தில் நீங்கிய ஆண்டிலேயே மற்றொரு தளை கடல் கடந்து பூட்டப்பட்டது.

சட்டம் நீக்கியதை ஊர் நீக்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை, பறையர் நிலமின்றிக் கடன்பட்டு மிராசுதாரர்க்குக் கட்டுண்டு கிடந்த நிலையை விரித்துரைத்தது. அவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை 1892இல் பிறந்தது அதன் விளைவாகவே. அம்மண்ணிலிருந்து கல்வி கற்று வெளியேறிய முதல் தலைமுறையினருள் சீனிவாசனார் ஒருவர். நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களிற் கணக்கராய்ப் பணியாற்றிப் பின்னர்ச் சென்னை சேர்ந்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1900இல் இங்கிலாந்து செல்லும் எண்ணத்தோடு புறப்பட்டவர், ஆப்பிரிக்காவில் தங்கி, தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் விளங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பின் தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுவழி, கிணறு, கட்டடங்கள் யாவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொணர்ந்தார். 1930, 1931ஆம் ஆண்டுகளில் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

அவர் இதழ் நடத்திய காலத்துச் சென்னையையும் ஒருவாறு நினைவிற் கொள்ளல் வேண்டும். ஊரூரை அடுத்து, இன்று பெசன்ட் நகர் எனப்படும் பகுதியில், கர்னல் ஆல்காட்டு 1894இல் பஞ்சமர்க்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஆல்காட்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்தார் பக்கம் பணியாற்றியவர். அடிமை முறை பற்றி எழுந்த போரைக் கண்ட ஒருவர் அடையாற்றுக் கரையில் எழுத்தறிவித்தலைத் தொண்டாகக் கொண்டமை தற்செயலாக இருக்கலாம். எனினும் தளையை நீக்கும் முதற்கருவி எழுத்தே என்பதை இரு நாட்டு வரலாறும் ஒருங்கே உணர்த்துகின்றன.

6. மறைப்பும் வெளிப்பாடும்

சீனிவாசனார் நூலின் உயிர்நிலை கோவைக் கல்விக்காலம் பற்றிய சிறுபகுதி. ஏறத்தாழ நானூறு மாணவருள் பதின்மர் ஒழிய ஏனையோர் அந்தணர் என்கின்றார். தம் குலமும் குடும்பமும் உறைவிடமும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுட் புகுந்ததையும், வகுப்புக் கலைந்ததும் உடன்பயில்வோர் எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்ந்ததையும் கூறுகின்றார். பிறரொடு கூடி விளையாட இயலாமையை எண்ணி எண்ணி மனங்கலங்கியதாகவும், அந்நெருக்கத்தை மேற்கொள்ளும் வழியாது என ஆராய்ந்ததாகவும் உரைக்கின்றார்.

இப்பகுதியில் உவமை இல்லை, ஒப்பாரியும் இல்லை. பொழுதும் தொலைவுமே உள்ளன. மணி அடிக்குமுன், மணி அடித்தபின். வகுப்பின் உள், வகுப்பின் வெளி. பின்வருவோர் நடை, முன்செல்வோன் நடை. முதலும் கருவும் உரிப்பொருளை உணர்த்துதல் அகப்பாட்டின் மரபு. இங்கும் நிலமும் பொழுதுமே அச்சிறுவன் உள்ளத்தைக் காட்டுகின்றன. ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோர் வழிவந்த ஒருவர், அகத்திணையின் நெறியாலேயே தம் உள்ளத்தைப் புலப்படுத்தியது எண்ணி மகிழத்தக்கது.

இச்சிறுவன் நாள்தோறும் தப்பி ஓடினான். டக்ளசு ஒரு முறை ஓடித் தப்பினார். அவர் ஓடிச் சேர்தற்கு வடபுலம் என ஒரு நிலம் இருந்தது. கோவைச் சிறுவனுக்கு அத்தகைய நிலம் இல்லை. இந்தியச் சாதி முறையில் வடபுலம் இன்மையே சீனிவாசனார் வரலாறு டக்ளசு வரலாற்றினின்றும் வேறுபடும் இடம். ஓடிச் சேர இடம் இல்லாதவன் இருவழிகளுள் ஒன்றைக் கொள்ளல் வேண்டும்: இறுதிவரை மறைந்து வாழ்தல், அன்றி, மறைத்ததை வெளிப்படையாய் உரைத்தல்.

சீனிவாசனார் இரண்டாம் வழியைக் கொண்டார். எப்பெயர் வெளிப்படும் என அஞ்சி இளமையில் விரைந்து நடந்தாரோ, அப்பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டார். தன்னை இன்னான் என முன்வந்து கூறாதவன் உரிமை பெறான். என்றும் தாழ்த்தப்பட்டவனாகவே கிடப்பான் என்பது அவர் அதற்குத் தரும் விளக்கம். முதல் இதழ் நான்கு பக்கமே உடையது, விலை இரண்டணா, இரண்டு நாளில் நானூறு படிகள் விற்றன என்கின்றார். பள்ளியில் அவர் அஞ்சி ஒதுங்கிய மாணவர் தொகையும் நானூறே என்பது நூலைப் படிப்பார் உள்ளத்தில் தானே வந்து தைக்கும்.

டக்ளசு பழம்பெயரைக் களைந்தார். சீனிவாசனார் பழம்பெயரை எடுத்து அணிந்தார். செயல்கள் மாறுபடினும் பொருள் ஒன்றே. பிறர் இட்ட பெயரைத் தான் ஆளுதல் என்பது அது.

7. கைச்சாத்து

ஆளோலையிற் பாட்டன் இட்ட கைச்சாத்து வழிவழி மக்களைக் கட்டிற்று எனக் கண்டோம். டக்ளசு எழுதிய இசைவுச் சீட்டில் தலைவன் கைச்சாத்தை அடிமையே இட்டான். சீனிவாசனார் வாழ்விலும் கைச்சாத்து பெரிய இடம் பெறுகின்றது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்துதல் வேண்டும் என்னும் காங்கிரசின் கோரிக்கையை மறுத்து, 1893இல் 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனுவை அவர் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். 1932இல் பூனா ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டோருள்ளும் அவர் ஒருவர்.

அம்மனுவின் அரசியல் முடிபை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். உயர்பணி உயர்குலத்தார்க்கே சென்று சேரும் என்னும் அச்சம் அதனைத் தோற்றுவித்தது. அயலாட்சியே காப்பு என்னும் எண்ணம் அதன் எல்லையாய் அமைந்தது. ஈண்டு நாம் கருதத்தக்கது வேறு. ஓலையில் எழுதப்படும் பொருளாய் இருந்த மக்கள், தாளில் எழுதும் வினைமுதலாய் மாறினர். 3412 என்னும் எண்ணை நூலாசிரியர் பல்லாண்டு கழித்தும் பிழையாது குறித்தல் அப்பெருமிதத்தால் என்க.

8. தடையும் விடையும்

சீனிவாசனார் அடிமையாய்ப் பிறந்தவர் அல்லர். கல்லூரிக் கல்வி பெற்றவர். அரசினரால் இராவ் சாகிப், இராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் அளிக்கப்பெற்றவர். அவர் நூலை அடிமை வரலாற்றோடு ஒருங்குவைத்தல் பொருந்துமோ எனச் சிலர் தடை நிகழ்த்துவர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. விற்கப்படுதலும், சாட்டையும், தாயும் சேயும் பிரிக்கப்படுதலும் ஒருபுறம். இழிவுக்கு அஞ்சி ஒதுங்குதல் மறுபுறம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் முன்னதன் கொடுமையை நாம் குறைத்தவராவோம்.

எனினும், சட்டத்தால் அடிமை முறை நீங்கிய பின்னும் அதன் குறி உடலினின்றும் நீங்காத நிலையே சீனிவாசனார் எழுதும் பொருள். டக்ளசின் பிற்கால நூல்களும் இதனையே பேசுகின்றன. 1846இல் நண்பர் பொருள் கொடுத்து அவர் விடுதலையை வாங்கிய பின்னரும், வடபுலத்துப் புகைவண்டியிலும் கோயிலிலும் அவர்க்குத் தனியிடமே காட்டப்பட்டது. ஆகலின் இரு நூல்களும் ஒரு நெடுவழியின் இருவேறு கட்டங்களைக் காட்டுவன எனல் பொருந்தும். நம் நாட்டிற் கொத்தடிமை முறையை ஒழிக்கும் தனிச்சட்டம் 1976இல்தான் இயற்றப்பெற்றது என்பதை நினைப்பார்க்கு, அவ்வழியின் நீளம் விளங்கும்.

9. நூலின் நடையும் குறையும்

நூற்பெயரே ‘சுருக்கம்’. நடையும் அதற்கேற்ப மனுவின் நடை. ஆண்டு, இடம், கூட்டம், தீர்மானம், விடை என ஒழுங்காய்ச் செல்லும். வடசொற் கலப்பு மிகுதி. அக்கால இதழ் நடையின் இயல்பு அது. இலக்கிய இன்பம் நாடுவார்க்குப் பிற்பகுதி வறண்டதாய்த் தோன்றும். கடல் கடந்து வாழ்ந்த இருபது ஆண்டுகள் அவற்றுக்குரிய விரிவைப் பெறவில்லை. தமிழ்க் கூலிகளின் வழக்குகளை நாள்தோறும் மொழிபெயர்த்த ஒருவர், அம்மன்றங்களிற் கேட்டவற்றை விரித்தெழுதியிருப்பின், தமிழ் உரைநடை ஒரு பெருஞ்செல்வம் பெற்றிருக்கும். மனைவாழ்வும் நட்பும் நூலில் அருகியே காணப்படுகின்றன. இவை குறைகளே, அன்பு காரணமாய் இவற்றை மறைத்தல் திறனாய்வு ஆகாது.

ஆயினும் குறைக்குக் காரணம் காண்டல் வேண்டும். டக்ளசுக்கு அடிமை ஒழிப்பு இயக்கத்தார் என ஆயத்தமான படிப்போர் கூட்டம் இருந்தது; இல்லறமும் தாயன்பும் பற்றி அவர் எழுதியவை அவர்தம் நெஞ்சை உருக்கின. சீனிவாசனார் தம் நூலை யார்க்கு எழுதினார்? தம் மக்களுக்குச் சான்றாகவும், ஆள்வோர்க்கு ஆவணமாகவும் எழுதினார். சான்று கூறுவோன் தன் கண்ணீரைக் காட்டின் சான்றின் வலி குறையும் என அவர் எண்ணினார் போலும். அக்கட்டுப்பாட்டையும் மீறி உள்ளம் வெளிப்படும் ஒரே இடம் ஆதலால்தான் கோவைப் பகுதி அத்துணை ஒளியுடையதாயிற்று.

இங்கிலாந்து மன்னர் தீண்டாமை என்பது யாதென வினவியபோது, தெருவில் விழுந்த தாழ்ந்தோனை உயர்ந்தோன் தொட்டுத் தூக்கமாட்டான் என அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். அவ்விடையும் அதே நடையினது. கோட்பாடு இல்லை, ஒரு தெரு, ஒரு வீழ்ச்சி, நீளாத ஒரு கை. அவ்வளவே.

10. முடிபு

தமிழ்த் தன்வரலாற்று வளர்ச்சியை ஆராய்வோர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, திரு. வி. க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’, நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’ ஆகியவற்றை முதன்மையாகக் கொள்வர். அவற்றின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயினும் ஐயரவர்கள் நூல் 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கியது. ஏனை இரண்டும் 1944இல் வந்தன. 1939இல் வெளிவந்த சீனிவாசனார் நூல் காலத்தால் இம்மூன்றற்கும் முற்பட்டது. அளவிற் சிறிது என்பதும், நடை எளிது என்பதும் அதனை ஒதுக்குதற்குக் காரணமாகா.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ம், 2005இல் கே. ஏ. குணசேகரனின் ‘வடு’வும் தோன்றியபோது, தமிழில் முன்னில்லாத ஒரு குரல் எழுந்தது எனப் பலர் கருதினர். குரல் புதிதன்று, ஐம்பது ஆண்டுக்கு மேலாக அது நம்மிடையே அச்சில் இருந்தது. பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே காத்துநின்ற சிறுவனை ‘வடு’வின் பள்ளிச் சிறுவனோடு ஒருங்குவைத்துக் கற்பிக்கும் நாளில், தமிழ் உரைநடையின் ஒரு நெடிய மரபு மாணவர்க்குப் புலனாகும்.

அடியோர்க்கு அகம் இல்லை என்பது தொல்காப்பியர் காலத்து உலகியலின் கூற்று. அதனை நூற்பாவாய்க் கூறியது இலக்கணத்தின் நேர்மை. அவ்வுலகியல் மாறியது என்பதற்குச் சான்றாய் நிற்பது இச்சிறுநூல். இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் இயம்புதல் நம் மரபாதலின், இவ்விலக்கியத்தையும் கண்டு தன்வரலாற்றுக்குப் புது இலக்கணம் வகுத்தல் தமிழாய்வார் கடனாம்.